பங்கேற்பாளர் ஏழு

காட்பாடியில் வண்டி நின்று கிளம்பியதிலிருந்து அந்த வாக்கியம் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. நான் ஹார்ன் அடிக்கல மேடம், நகர்ந்துருவான்னு நெனச்சேன். லேப்டாப் மடியில் மூடிக் கிடக்கிறது, ஹெட்போன் பைக்குள் இருக்கிறது, ஆனாலும் ஓடுகிறது, 'மேடம்' முடிந்ததும் ஒரு மூச்சு, எங்கோ ஒரு காக்கை, பிறகு நகர்ந்துருவான்னு. அந்தச் சொல்லை எழுத்தில் இறக்கிய நாளில் அரை மணி நேரம் அங்கேயே மாட்டிக்கொண்டு நின்றேன், நகர்ந்துருவான் என்று ஆணைச் சொல்கிறாரா, நகர்ந்துருவா என்று பெண்ணைச் சொல்கிறாரா, பேச்சில் இரண்டும் ஒன்றாகத்தான் விழுகிறது, நாலு விநாடி பின்னால் போய் மறுபடி, மறுபடி, கடைசியில் அவருக்கே போன் செய்து கேட்டேன், சார், அன்னிக்குத் தண்டவாளத்துல நின்னது ஆணா பொண்ணா என்று, ஏதோ விண்ணப்பத்தில் கட்டம் நிரப்புகிறவளைப்போல. பொண்ணு மேடம் என்றார். நன்றி சார் என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த இடத்தில் நன்றி என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. பாக்கியநாதன் முப்பத்தொரு வருடமாக ரயில் ஓட்டுகிறார், ஜோலார்பேட்டையில் வீடு, ஓய்வுபெற இரண்டு வருடம் பாக்கி. ஓடும் ரயிலின் முன்னால் ஒருவர் இறந்துபோனால் அந்த ரயிலை ஓட்டியவர் அதற்குப் பிறகு எப்படித் தூங்குகிறார், எப்படிச் சாப்பிடுகிறார், எப்படி மறுபடியும் அதே இருக்கையில் போய் உட்காருகிறார் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. பத்தொன்பது ஓட்டுநர்கள் என்னிடம் பேசினார்கள். ஆய்வேட்டில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான், அவர் பங்கேற்பாளர் ஏழு. ஆய்வு பாதியில் இருந்தபோதே இதை ஆவணப்படமாகவும் எடுக்க வாய்ப்பு வந்தது, ஒரே அலைச்சலில் இரண்டு வேலை முடியும் என்று குதித்தேன். படத்தில் ஒரே ஒரு ஓட்டுநர், அவர்தான், பெயரோடும் முகத்தோடும், பாக்கியநாதனாகவே. ஏழுக்கும் பாக்கியநாதனுக்கும் நடுவில் இருந்த சுவர் நான் ஒருத்திதான், அந்தச் சுவரை இடித்ததும் நானேதான்.

இரண்டு காகிதங்கள் இருக்கின்றன, இரண்டிலும் அவர் கையெழுத்து. முதல் காகிதம் பல்கலைக்கழகத்துக்கானது, பெயர், ஊர், முகம், குரல் எதுவும் எந்த வகையிலும் வெளியே வராது என்று நானே தட்டச்சு செய்து, நானே அவருக்கு வாசித்துக் காட்டியது. இரண்டாவது படத்துக்கானது, என் முகத்தையும் குரலையும் பயன்படுத்த முழு மனதோடு சம்மதிக்கிறேன். எட்டு மாத இடைவெளி. அந்த வாக்கியம் முதல் காகிதத்தின் காலத்தைச் சேர்ந்தது, ரயில்வே குடியிருப்பின் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, கேமரா இல்லாமல், எங்கள் இருவருக்கும் நடுவே தீப்பெட்டி அளவு ரெக்கார்டர் ஒன்று சிவப்புப் புள்ளியோடு விழித்துக்கொண்டிருந்தபோது சொன்னது. கேமரா வந்த பிறகு அவர் அதைப்பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. சீருடையை இஸ்திரி போட்டார், டிபன் கேரியரை மூடினார், யார்டில் நடந்தார், எதைக் கேட்டாலும் அதெல்லாம் டூட்டி மேடம் என்று சிரித்தார். எடிட்டர் ஷாகுல் தலையைச் சொறிந்துகொண்டே இருந்தான், அக்கா, இந்த ஆளு இஸ்திரி போடறதை எவ்ளோ நேரம்தான் பாக்கறது, உள்ள ஒண்ணுமே இல்லையே. பிப்ரவரியில் ஒரு பிற்பகல், திரையில் இரண்டு ஜன்னல்கள் திறந்திருந்தன, ஒன்று ஆய்வு, ஒன்று படம், எதிர்வீட்டில் யாரோ துளை போட்டுக்கொண்டிருந்தார்கள், நான் அந்தக் குரல்கோப்பை இந்த ஜன்னலிலிருந்து அந்த ஜன்னலுக்கு இழுத்தேன். இழுத்தேன், விட்டேன், அவ்வளவுதான், விரல் ஒரு அங்குலம்கூட நகர்ந்திருக்காது. இஸ்திரிப்பெட்டி சட்டைமேல் போகிறது, அவர் வாய் மூடியிருக்கிறது, மூடிய வாயின் மேல் அந்தக் குரல், நான் ஹார்ன் அடிக்கல மேடம். ஷாகுல் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான், இவ்ளோ நாளா இதை எங்கக்கா வச்சிருந்த, இதான் படம். இருந்துச்சு என்றேன். எங்கே இருந்தது என்று சொல்லவில்லை. என் நெறியாளர் குணவதி மேடத்திடமும் சொல்லவில்லை. ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு காலுன்னு நிக்காத கோதை, ரெண்டுல ஒண்ணு உன்னை இழுத்துக்கிட்டுப் போயிரும் என்று அவர் ஒருமுறை சொன்னார், ஆனால் எது ஆறு எது சேறு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

குடியாத்தம் வருகிறது, வண்டி ஹார்ன் அடிக்கிறது, நீளமாக, என் தோள்கள் தாமாகவே காதுவரை ஏறி இறங்குகின்றன. முன்பெல்லாம் ரயில் சத்தம் என்றால் ஊருக்குப் போகிற சந்தோஷம். இப்போது ஒவ்வொரு ஹார்னும் யாருக்காகவோ அடிக்கப்படுகிறது, எதிரே யாரோ நிற்கிறார்கள், நகரப் போகிறார்கள், அல்லது. எனக்கு அவள் முகம் தெரியாது. செய்தித்தாளில் இரண்டு வரி வந்ததாம், ரயில் மோதி இளம்பெண் பலி, பெயர்கூட இல்லை. முகம் இல்லாததால் அவள் எந்த முகத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்கிறாள், நூலகத்தில் எதிர் மேசையில் தலைகுனிந்து எழுதுகிறவளின் முகத்தை, பேருந்தில் ஜன்னலோரம் வாய் திறந்து தூங்குகிறவளின் முகத்தை, போன வாரம் பல் துலக்கும்போது கண்ணாடியில் என்னுடையதையே. ஆய்வில் ஒவ்வொரு உணர்வுக்கும் ஒரு நிறம் கொடுத்திருக்கிறேன், பயம் நீலம், கோபம் சிவப்பு, குற்றவுணர்வு மஞ்சள், நேர்காணல்களை வாசித்துக்கொண்டே நிறம் பூசிக்கொண்டு போவேன், ஏழாவது நேர்காணல் கடைசியில் மஞ்சளாகவே ஆகிவிட்டது, நாலாம் அத்தியாயம் முழுக்க அந்த மஞ்சளின் மேல்தான் நிற்கிறது, செய்யாமல் விட்டதன் குற்றவுணர்வு என்று தலைப்பே வைத்துவிட்டேன். குணவதி மேடம் படித்துவிட்டு, இதுதான் உன் ஆய்வோட உசுரு என்றார். ஷாகுல் இதான் படம் என்கிறான், மேடம் இதுதான் உயிர் என்கிறார், இரண்டும் அதே ஒரு வாக்கியம், ஒரு மனிதன் மதிய வெயிலில் சிமென்ட் பெஞ்சில் சொன்ன ஆறே சொல். வெள்ளிக்கிழமை படத்தை ஒரு விழாவுக்கு அனுப்ப வேண்டும். இருபதாம் தேதி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். இன்று திங்கள். படம் வெளியே வந்தால் ரயில்வேயில் யாராவது பார்ப்பார்கள், ஹார்ன் அடிக்கவில்லை என்று ஓட்டுநரே வாயால் சொல்கிறாரே என்பார்கள், விசாரணை, சஸ்பென்ஷன், இன்னும் இரண்டே வருடம், அவர் மனைவி ரெஜினா அம்மா என்ன செய்வார், போன தடவை எனக்கு வஞ்சிரம் வறுத்துப்போட்டு இன்னொரு துண்டு வை, உடம்பே இல்லை என்றவர். சொல்லிவிட வேண்டும், போட்டுக் காட்டிவிட வேண்டும், வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும். வேண்டாம் என்றுதான் சொல்வார். சொல்லட்டும் என்றும் இருக்கிறது, சொல்லிவிடக் கூடாதே என்றும் இருக்கிறது, பையில் புதிதாக ஒரு சம்மதக் காகிதத்தையும் வைத்துக்கொண்டுதானே வந்திருக்கிறேன், எப்படிப்பட்டவள் நான்.

ஆம்பூரில் தோல் வாடை உள்ளே வந்து போனது. அதைத் தாண்டிப் பத்து நிமிடம் போயிருக்காது, வண்டி வேகம் குறைந்து, இழுத்து, நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் தென்னை, தூரத்தில் தண்ணீரில்லாத பாலாறு வெள்ளையாகக் கிடந்தது. ஸ்டேஷன் இல்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். நான் ஏன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், சிக்னலாக இருக்கும், சிக்னல்தான், ஆனால் நிற்பதற்கு முன்னால் ஹார்ன் கேட்டதா, கேட்டேனா, கேட்கவில்லையா, கேட்ட மாதிரியும் இருக்கிறது, இப்போதே நினைவில்லையே, இரண்டு நிமிடம்கூட ஆகவில்லையே. யாரோ கதவருகே போய் எட்டிப் பார்க்கிறார்கள். பதினோராம் நேர்காணலில் ஒருவர் சொன்னார், நின்னப்புறம் வர்ற அமைதி இருக்கே, அதுதாம்மா, மோதுற சத்தம்கூட இல்ல. எதிர் இருக்கையில் மடியில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்மணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, உடம்பு சரியில்லையா? இப்பிடி வேர்க்குது உனக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. வண்டி ஏன் நிக்குதுன்னு..."

"இங்க எப்பவும் நிப்பான். முன்னாடி கூட்ஸு போவும். தண்ணி குடிக்கிறியா?"

குடித்தேன். கூட்ஸ் போனது, பெட்டி பெட்டியாக, முடிவே இல்லாமல். பிறகு எங்கள் வண்டியும் சின்னதாக ஒரு குலுக்கலோடு கிளம்பியது, யாரும் சாகவில்லை, பூக்காரம்மா கண்ணை மூடித் தூங்கிவிட்டார், வாணியம்பாடி வந்தது, போனது. சார், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன் என்று ஆரம்பிக்கலாமா, சார், உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கணும் என்று ஆரம்பிக்கலாமா, கேட்பது சொல்வதைவிடச் சின்னதாக இருக்கும், வேண்டாம், தப்பு என்ற சொல் முதலிலேயே வந்துவிடட்டும், பிறகு வந்தால் வரவே வராது. ஜோலார்பேட்டையில் இறங்கி, மேம்பாலத்தின் படிகளில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, சர்ச்சைத் தாண்டி நடக்கிறவரைக்கும் அதே ஒரு வரியைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

ரெஜினா அம்மா கதவைத் திறந்தார். "வாம்மா, இந்த வெயில்ல வந்துகினு. அவரு இப்பதான் டூட்டி முடிச்சு வந்து குளிச்சாரு." பாக்கியநாதன் பனியனும் லுங்கியுமாக, ஈரத் தலையோடு, கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

"சார், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"சொல்லுங்க மேடம்."

சொன்னேன். முதல் காகிதம், இரண்டாம் காகிதம், பிப்ரவரி. நடுவில் நிறுத்தவில்லை. பிறகு லேப்டாப்பைத் திறந்து அவர் காதில் ஹெட்போனை வைத்தேன். ரெஜினா அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றார். திரையில் அவர் கணவர் சட்டைக்கு இஸ்திரி போடுவது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது, கேட்கவில்லை. பாக்கியநாதன் அசையாமல் பார்த்தார். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி, அதன் வயரை ஒழுங்காகச் சுற்றி, மேசைமேல் வைத்தார்.

"நல்லாத்தான் கேக்குது," என்றார்.

"எடுத்துடறேன் சார். இன்னிக்கே எடுத்துடறேன்."

"எதுக்கு எடுக்கணும்?"

"உங்க வேலைக்கு ஏதாவது..."

"வேலைக்கு ஒண்ணும் ஆவாது மேடம். எஞ்சின்ல பெட்டி இருக்கு, எல்லாம் பதிவாவும். விசாரணையிலயே எடுத்துப் பாத்துட்டாங்க. கூட இருந்த அசிஸ்டென்ட்டும் எழுதிக் குடுத்துட்டான்." பெருவிரலால் மேசை ஓரத்தைத் தேய்த்தார். "நான் ஹார்ன் அடிச்சேன் மேடம்."

அதே மேடம், அதே மூச்சு. காக்கை மட்டும் இல்லை. எனக்கு முதலில் வந்த எண்ணத்தை எழுதவே கூசுகிறது, நாலாம் அத்தியாயம் போயிற்றே என்பதுதான் அது. அதற்குப் பிறகுதான் அவர் சொன்னது உள்ளே இறங்கியது.

"ரொம்ப தூரத்துலேந்தே அடிச்சேன். விடாம அடிச்சேன். அவ திரும்பிப் பாத்தா. கையில ஒரு பை வச்சிருந்தா. அதைக் கொண்டுபோய் ஜல்லிக்கு அந்தாண்ட, மண்ணுல பத்திரமா வச்சா. வச்சிட்டுத் திரும்பி வந்து நின்னா."

அடுப்படியில் ஏதோ தீய்ந்தது. ரெஜினா அம்மா போகவில்லை.

"அப்ப எங்கிட்ட ஏன் சார்..."

"நாப்பது நாள் கழிச்சு அவங்கப்பா வந்தாரு. எப்படியோ அட்ரஸ் கேட்டு வந்துட்டாரு. வேற எதுவும் கேக்கல. ஹார்ன் அடிச்சீங்களான்னு மட்டும்தான். எம் பொண்ணுக்குக் காது நல்லாக் கேக்கும் சார்னாரு. நான் அவரு மூஞ்சியப் பாத்தேன். அடிக்கலன்னுட்டேன்."

"இதே ரூம்லதாம்மா," என்றார் ரெஜினா அம்மா. "நான் இதோ இங்கதான் நின்னுகினு இருந்தேன். அந்தாளு பளார்னு இவரை ஒண்ணு விட்டாரு. ரெண்டு நாளைக்குக் கன்னம் வீங்கிக் கெடந்துச்சு. நான் சண்டைக்குப் போறேன், இவரு என் கையப் புடிச்சிக்கினாரு."

"அறைஞ்சிட்டு, நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்த சேர்ல உக்காந்து அழுதாரு மேடம். தண்ணி குடிச்சாரு. போறப்போ, அப்ப எம் பொண்ணு தெரியாமத்தான் நின்னுருக்கா இல்ல சார்னாரு. ஆமாங்கன்னேன்."

நான் அந்த நாற்காலியிலிருந்து எழுந்துகொள்ளவும் முடியாமல், உட்கார்ந்திருக்கவும் முடியாமல் இருந்தேன்.

"ஆனா நான் எழுதிக் குடுத்தேனே சார், பேரு, குரல் எதுவும் வெளிய வராதுன்னு. எங்கிட்டயாவது உண்மையை..."

அவர் முகத்தில் கோபம் இல்லை, இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க மெஷின் வச்சிருந்தீங்க மேடம். மெஷின்ல போனது எங்க போவும்னு யாருக்குத் தெரியும்? வராதுன்னுதான் எல்லாரும் சொல்வாங்க." திறந்து கிடந்த லேப்டாப்பைப் பார்த்தார்.

பிறகு அவரே புதுக் காகிதத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். முகத்தோடயே போடுங்க, அவரு எப்பவாவது பாத்தாலும் பாப்பாரு என்றார். பேனாவை மூடிக்கொண்டே, "ஒண்ணு சொல்றேன். சில நாளு எனக்கே நான் அடிக்கலன்னுதான் ஞாபகம் வருது. கை அந்தப் பக்கம் போவவே இல்லாத மாதிரி. அந்த நாள்ல நல்லாத் தூங்கறேன்," என்றார். ரெஜினா அம்மா சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் தெரியாது.

திரும்பும் வண்டிக்கு ஒரு மணி நேரம் இருந்தது. நடைமேடைக் கோடியில், நிழல் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து ஷாகுலுக்குப் போன் செய்தேன், அப்படியே இருக்கட்டும், எதையும் தொடாதே என்றேன், அதான்க்கா நானும் சொல்றேன் என்றான். படம் பொய் சொல்லப் போகிறது, தெரிந்தே சொல்லப் போகிறது, அவர் எங்கேயோ இருக்கும் ஒரு தகப்பனுக்காகச் சொன்ன பொய்யை நான் பெரிய திரையில் போட்டுக் காட்டப் போகிறேன். அதைச் செய்யலாம், அவர் கேட்டார். ஆனால் ஆய்வேடு? அதில் பொய்யைப் பொய் என்று தெரிந்தபின் வைக்க முடியாது. உண்மையை வைக்கவும் முடியாது, பெயர் இல்லாவிட்டால் என்ன, எண் போட்டு வைத்தால் என்ன, படமும் ஆய்வேடும் என் பெயரிலேயே வெளியே வந்தால் ஏழு யார் என்று ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும், அந்தப் பையையும் ஜல்லியையும் மண்ணையும் யாரோ ஒருவர் வாசித்துவிட்டு இன்னொருவரிடம் சொல்ல, அது அலைந்து அலைந்து அந்தத் தகப்பனின் வீட்டு வாசலுக்குப் போய் நிற்கும். சொல்லாமல் விடுவது, சொல்லிவிடுவது, எதைத் தொட்டாலும் அந்த மனிதர் தண்ணீர் குடித்த டம்ளர்தான் கண்ணுக்கு வந்தது, எவர்சில்வரா கண்ணாடியா, நான் ஏன் அதைக் கேட்டு வைக்கவில்லை, ஏன் கேட்க வேண்டும், எதையும் இனிக் கேட்காதே. குணவதி மேடத்தின் எண்ணை அழுத்தினேன்.

"மேடம், ஏழாவது ஆளை எடுத்துடறேன். முழுசா."

"என்ன கோதை இது, இருபதாம் தேதி குடுக்கணும். நாலாம் அத்தியாயமே அவர்தானே?"

"ஆமா மேடம். அந்த அத்தியாயமும் இல்ல. இந்தத் தடவை குடுக்க முடியாது."

"காரணம்?"

"சம்மதத்தைத் திரும்ப வாங்கிட்டார்."

மேடம் நிதானமாகக் கேட்டார், "எழுத்துல வாங்கினியா?"

"வாங்கிட்டேன் மேடம்," என்றேன். அவ்வளவு எளிதாக வந்தது, நடுவில் மூச்சுகூட வாங்கவில்லை.

போனை வைத்தபோது ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது, நிற்காமல் செல்லும் வண்டி, பயணிகள் விலகி நிற்கவும். தூரத்தில் எஞ்சின் தெரிந்தது, வெயிலில் கண்ணாடி மின்னியது, அதற்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து இந்த நடைமேடையில் இருக்கிற ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டு வருகிறார், யார் விளிம்பில் நிற்கிறார்கள், யார் நகர்கிறார்கள், யார் நகரவில்லை என்று. நான் எழுந்து சுவர்வரைக்கும் பின்னால் போனேன். அது போதாது என்று தோன்றியது. அவர் கண்ணில் என் முகம் படக்கூடாது என்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன், கடைசிப் பெட்டி கடந்து போகிறவரைக்கும்.